ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

293318625600. வாய்விட்டுச் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சீனிவாச ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நெடிய கட்டுரையில் 102 எண்கள் அடங்கிய அட்டவணை ஒன்று உண்டு. இந்த எண்ணும் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும். ஆனால் இல்லை. கணினியும் கணக்கிடும் பொறியும் கையில் இல்லாத காலத்தில், பேனாவும் தாளும் கொண்டு ஆறே முக்கால் லட்சம் கோடி வரை நடந்து சென்றவர், வழியில் இந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் கடந்துவிட்டார்.

அது எப்படிப்பட்ட எண், அதை ஏன் தேட வேண்டும் என்பதை விளக்கக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போகும், அதோடு பாவின் இழையும் மேலே போகும், ஊடை அதன் அடியில் ஓடும். கரையில் மயிலும் அன்னமும் ருத்ராட்சமும் உருவாவது இப்படித்தான். பிரான்சின் பட்டு நகரமான லியோனில் 1804-இல் ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய இந்தப் பொறி பட்டு நெசவோடு உலகெங்கும் பரவி இங்கும் வந்து சேர்ந்தது.

கைத்தறிப் பெட்டிகளில் 120 கொக்கி, 240 கொக்கி என்ற அளவுகள் வழக்கமானவை. 240 என்பது தற்செயலாக அமைந்த அளவு போலத் தோன்றலாம். வரைபடத் தாளின் முன் உட்கார்ந்து புட்டா வரைபவருக்கு அதன் அருமை தெரியும். 60 இழை அகலத்தில் ஒரு புட்டா வரைந்தால் 240-இல் அது நான்கு முறை சரியாக உட்காரும். 80 இழையில் வரைந்தால் மூன்று முறை, 48-இல் வரைந்தால் ஐந்து முறை, 40-இல் ஆறு முறை, 30-இல் எட்டு முறை. ஓரத்தில் பாதி மயில் அறுபட்டு நிற்காது. 240-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், மொத்தம் 20. பத்துக் கொக்கிகளைக் கூட்டி 250 ஆக்கினால் காரணிகள் எட்டாகக் குறைந்துவிடும்: 1, 2, 5, 10, 25, 50, 125, 250. மூன்றாகப் பிரிக்க முடியாது, நான்காகவும் முடியாது. எண் பெரிதாகிறது, ஆனால் அதற்குள் கோலம் போட இடம் குறைகிறது.

பாவிலும் இதே கணக்குத்தான். ஒரு பாவில் 5,000 இழை என்று வைத்துக்கொள்வோம். அதைச் சம அகலமுள்ள மூன்று பட்டைகளாக்க முடியாது. ஆறு, ஏழு, ஒன்பது பட்டைகளும் வராது. 40 இழை கூட்டி 5,040 ஆக்கினால் ஒன்று முதல் பத்து வரை எத்தனை பட்டை கேட்டாலும் மீதியில்லாமல் பிரியும். 5,000-க்கு 20 காரணிகள், 5,040-க்கு 60. நூற்றுக்கு ஓர் இழைகூடக் கூடவில்லை, வாய்ப்போ மூன்று மடங்காகிறது. தெலுங்கு நாட்டு நெசவில் பாவின் நெருக்கத்தைப் ‘புஞ்சம்’ என்ற அளவால் சொன்னார்கள். ஒரு புஞ்சம் 120 இழை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் துணி வாங்கிய கணக்குகளிலும் இந்தச் சொல் ஏறியிருக்கிறது. நூறு என்று எண்ணாமல் 120 என்று எண்ணியவர்கள் காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. 100-க்கு 9 காரணிகள், 120-க்கு 16.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை உயர்பகு எண் என்று சொல்லலாம். 12-க்கு ஆறு காரணிகள், அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகிறது. தமிழர் இந்த எண்களோடுதான் குடித்தனம் செய்து வந்திருக்கிறார்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, ஆண்டுச் சுழற்சி 60, ராசி 12, மண்டலம் 48 நாள். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் 2019-இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருள, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வைபவம் நடந்ததே, அதுவும் சரியாக 48 நாள். அதே கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்கள் நூறு இல்லை, 96. நூறைவிட நான்கு குறைவு என்றாலும் 96-க்கு 12 காரணிகள். வரிசை கட்டி நிறுத்த நூறைவிட வசதியான எண்.

எல்லாவற்றையும் இந்தச் சட்டத்துக்குள் அடைத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அத்திவரதர் வெளியே வருவது 40 ஆண்டுக்கு ஒருமுறை. 40-க்கு எட்டுக் காரணிகள்தான், அந்த எட்டு 24-க்கே கிடைத்துவிடும். தமிழ் எண்சுவடியில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320-க்கு 14 காரணிகள். அதைவிடச் சிறிய 240-க்கே 20 இருக்கின்றன. மா, காணி, முந்திரி என்ற நம் பின்னங்கள் இரண்டையும் ஐந்தையும் மட்டும் கொண்டு கட்டப்பட்டவை. மூன்றில் ஒன்றுக்கு அங்கே இடமில்லை. நெசவாளருக்கு மூன்று வேண்டும், கணக்கப்பிள்ளைக்குப் பாதியும் காலும் அரைக்காலும் போதும். தேவைக்கு ஏற்ற எண்ணை அந்தந்தத் தொழில் தேர்ந்துகொண்டது.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் போதும். 240 என்பது நான்கு இரண்டு, ஒரு மூன்று, ஓர் ஐந்து ஆகியவற்றின் பெருக்கல். ஒரு காரணியை உருவாக்க இரண்டை எத்தனை முறை எடுக்கலாம்? ஒருமுறைகூட எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம். ஆக ஐந்து வழி. மூன்றை எடுக்கலாம் அல்லது விடலாம், இரண்டு வழி. ஐந்துக்கும் அப்படியே. 5 × 2 × 2 = 20. ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அந்த அடுக்கோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடுகிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைத் திறந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நான்கு யுகங்கள் சேர்ந்த மகாயுகம் 43,20,000 ஆண்டுகள். அதன் காரணிகள் 180. இந்த எண் 4,320-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் கிடைப்பது. கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது ஆயிரம் எழுதாமல் ஆயிரத்தொன்று எழுதுவோமே, அதுபோல 4,320-ஐ 1,001-ஆல் பெருக்கினால் 43,24,320 வரும். அதற்கு 384 காரணிகள்! ஆயிரத்தில் இருப்பவை இரண்டும் ஐந்தும் மட்டுமே. இரண்டுமே 4,320-க்குள் ஏற்கெனவே உள்ள சரக்கு. 1,001-ஓ 7 × 11 × 13. மூன்றும் புதிய பகா எண்கள். புதிய பகா எண் ஒன்று சேரும்போதெல்லாம் காரணிகள் இரட்டிக்கின்றன. 4,320-இன் 48 காரணிகள் 96 ஆகி, 192 ஆகி, 384 ஆகின்றன. 43,24,320 ஓர் உயர்பகு எண். ராமானுஜன் தனியே பிரித்துவைத்த ‘மேல்நிலை உயர்பகு எண்கள்’ என்ற அரிய கூட்டத்திலும் அது சேரும்.

ராமானுஜனுக்கும் காஞ்சிபுரத்துக்கும் உறவு உண்டு. 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்த அவர், சிறு வயதில் தாய் கோமளத்தம்மாளுடன் காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் இருந்தார். தாயின் தந்தைக்கு அங்கே நீதிமன்றத்தில் வேலை. 1892 அக்டோபர் 1-இல் பையனை அவ்வூர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். பின்பு தாத்தாவின் வேலை போனது, தாயும் மகனும் கும்பகோணம் திரும்பினார்கள். அங்கே அவருடைய தந்தை சீனிவாச ஐயங்காருக்குப் புடவைக் கடையில் குமாஸ்தா வேலை. ஆக, பட்டு நெய்யும் ஊரில் எண் படிக்கத் தொடங்கி, புடவைக் கடைச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளை அவர். தறியைப் பார்த்துத்தான் இந்தக் கணிதம் அவருக்கு உதித்தது என்று கதை கட்டினால் அது பொய்யாகும். தறிக்காரர் கைப்பழக்கமாக நாடும் எண்களுக்கும், அவர் கேம்பிரிட்ஜில் உட்கார்ந்து தேடிய எண்களுக்கும் ஒரே குணம் என்பது மட்டும் உண்மை. அந்த உண்மையே போதும்.

1914-இல் இங்கிலாந்து சென்றவர் டிரினிட்டி கல்லூரியில் இருந்தபடி எழுதி முடித்த பெரிய வேலை, உயர்பகு எண்களைப் பற்றிய அந்த அட்டவணைக் கட்டுரைதான். இதற்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வு வழியில் பி.ஏ. பட்டம் வழங்கியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வுகளில் தோற்றவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது.

அந்தக் கட்டுரை செய்த காரியத்தை விளக்க, விடுபட்ட எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 293318625600-ஐப் பிரித்தால் ஆறு இரண்டு, நான்கு மூன்று, இரண்டு ஐந்து, இரண்டு ஏழு, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறை. அடுக்குகளை வரிசையாக எழுதினால் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. கோபுரம் கீழே அகன்று மேலே குறுகுவதுபோல இறங்கிவரும் இந்த வரிசை எல்லா உயர்பகு எண்களுக்கும் பொது என்று ராமானுஜன் நிறுவினார். காரணம் எளிது. மூன்றின் அடுக்கு இரண்டின் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், அந்த அடுக்குகளை இடம் மாற்றிப் போடலாம். காரணிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் மட்டும் சிறிதாகும். அப்புறம் பழைய எண்ணுக்கு உயர்பகு எண் என்ற பெயர் ஏது? அதே காரணத்தால் நடுவில் எந்தப் பகா எண்ணையும் விட்டுத் தாண்டவும் முடியாது. வரிசையின் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பது அவர் நிறுவிய இன்னொரு விதி. 4, 36 ஆகிய இரண்டு எண்கள் மட்டும் அதற்கு விலக்கு. எண்ணற்ற எண்களில் இரண்டே இரண்டு விலக்கு என்று அறுதியிட்டுச் சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும்!

இனி காரணிகளை எண்ணலாம். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5,040.

5,040! சற்றுமுன் பாவில் 40 இழை கூட்டிச் செய்துகொண்ட எண். அதுவே ஓர் உயர்பகு எண், அதன் காரணிகள் 60. அறுபதும் உயர்பகு எண், அதன் காரணிகள் 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. படிப்படியாக இறங்கி நான்கு வரைக்கும் ஒவ்வொரு படியிலும் நிற்பது உயர்பகு எண்ணே. கோயில் குளத்துப் படிக்கட்டில் இறங்குவதுபோல 29 ஆயிரம் கோடியிலிருந்து ஆறே அடியில் மூன்றை எட்டிவிடலாம். இந்தப் படிக்கட்டின் பின்னால் பெரிய தேற்றம் எதுவும் இல்லை, அழகான தற்செயல்தான். ஆனாலும் விடுபட்டுப்போன எண்ணுக்குள்ளேயே இப்படியொரு அழகு இருந்ததை எண்ணும்போது மனம் நிறைகிறது.

இந்த எண்ணின் அண்டை வீடுகளையும் பார்க்க வேண்டும். இதற்கு முந்தைய உயர்பகு எண் 240940299600, காரணிகள் 4,800. அடுத்தது 321253732800, காரணிகள் 5,376. இரண்டுமே பகா எண் 23 வரை செல்கின்றன. இரண்டிலும் ஏழு ஒருமுறைதான் வருகிறது. நடுவில் இருக்கும் நம் எண்ணோ 19-இலேயே நின்றுகொண்டு ஏழை இரண்டு முறை எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து ஒரு மூன்றையும் ஓர் ஏழையும் உருவிவிட்டு 23-ஐக் கோத்தால் அடுத்த எண் வருகிறது. 21 போய் 23 வருகிறது, அவ்வளவே. இரண்டு இரண்டையும் ஓர் ஏழையும் உருவி 23-ஐக் கோத்தால் முந்தைய எண். 28 போய் 23. இழை மாற்றிப் பிணைக்கும் வேலை போன்றது இது. வரிசை 23-ஐ ஏற்றுக்கொண்ட பிறகு கடைசி முறையாகப் பழைய பாணிக்குத் திரும்புகிற இடத்தில் இந்த எண் ஒளிந்திருக்கிறது. கண் தப்புவதற்கு ஏற்ற இடம் என்றே சொல்ல வேண்டும். உயர்பகு எண்கள் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள விகிதம் ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும் என்பதும் ராமானுஜன் நிறுவியதே. அதாவது மேலே போகப் போக நெருக்கம் கூடும், தப்பவிடும் ஆபத்தும் கூடும். அப்படியிருந்தும் தப்பியது ஒன்றுதான்.

ராமானுஜன் எழுதியது முழுவதும் அன்று அச்சேறவில்லை. அது உலகப் போர்க் காலம். லண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்தது, கட்டுரையைச் சுருக்க வேண்டியதாயிற்று. எஞ்சிய பகுதி பல பத்தாண்டுகள் கையெழுத்தாகவே கிடந்து, 1988-இல் அவருடைய ‘தொலைந்த குறிப்பேடு’ வெளியானபோது அதனுடன் வெளிச்சத்துக்கு வந்தது. ஜான் லூயி நிக்கோலா, கீ ரொபேன் என்ற இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் அதற்கு உரை எழுதி, 1997-இல் ராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய ஆய்விதழின் முதல் தொகுதியில் பதிப்பித்தார்கள்.

அந்தக் கையெழுத்துப் பகுதியில் ராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையைத் தாண்டி அவற்றின் கூட்டுத்தொகைக்குப் போயிருந்தார். ரீமான் கருதுகோள் உண்மை என்று கொண்டால் அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்று ஆராய்ந்திருந்தார். பகா எண்களின் பரவலைப் பற்றி 1859-இல் ஜெர்மானியர் ரீமான் முன்வைத்து, இன்றுவரை யாரும் நிறுவாத கருதுகோள் அது. இந்தப் பகுதி அச்சேறும் முன்பே, 1984-இல், ரொபேன் ஒரு தேற்றத்தை நிறுவியிருந்தார். எந்த எண்ணுக்கும் காரணிகளின் கூட்டுத்தொகைக்கு ஒரு எல்லைக்கோடு போடலாம். எண்ணின் மடக்கைக்கு மடக்கை எடுத்து, அதை எண்ணாலும் சுமார் 1.781 என்ற மாறிலியாலும் பெருக்கினால் வருவது அந்தக் கோடு. குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு மேலே எந்த எண்ணும் அந்தக் கோட்டைத் தொடாது என்று நிறுவினால் ரீமான் கருதுகோளை நிறுவியதாகும். ஒன்று தொட்டாலும் கருதுகோள் விழுந்துவிடும்.

அந்தக் குறிப்பிட்ட எண் 5,040.

5,040-இன் காரணிகளைக் கூட்டினால் 19,344. கோடு நிற்பதோ ஏறத்தாழ 19,237-இல். எண் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அதற்கு மேலே கோட்டைத் தாண்டிய எண் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்டதில்லை. கிரேக்க நாட்டு பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் இலட்சிய நகரத்துக்கு 5,040 குடும்பத் தலைவர்கள் வேண்டும் என்றார். நிலம் பங்கிடவும் படை பிரிக்கவும் அந்த எண் எல்லாவிதத்திலும் பிரியும் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நகரம் அமைக்க எடுத்த எண், இன்று கணிதத்தின் மிகப் பெரிய கேள்விகளில் ஒன்றின் வாசற்படியாக நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் தமிழ்நாட்டில் ராமானுஜன் என்றதும் வண்டி எண் 1729 கதை ஒன்றுதான் பேசப்படுகிறது. அந்தக் கதை நல்லதுதான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் சொன்ன ஒரு மறுமொழியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அவருடைய உழைப்புக்குச் செய்யும் நியாயம் ஆகாது. உயர்பகு எண்களை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் புரிந்துகொள்ளலாம். பகாக் காரணிப்படுத்தல் தெரிந்தால் போதும். காஞ்சிபுரத்துப் பள்ளிகளில் அம்மாவின் கட்டம் போட்ட பட்டுப் புடவையை விரித்துப் போட்டே பாடத்தைத் தொடங்கலாம். ஒரு கட்டத்துக்கு எத்தனை இழை, மொத்தம் எத்தனை கட்டம், ஏழு நிறம் வேண்டுமானால் பாவில் எத்தனை இழை கூட்ட வேண்டும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பெருமையைக் கோர்வையும் சரிகையும் மட்டும் சொல்லித் தீர்க்க முடியாது. அதற்குள் இருக்கும் கணக்கையும் எடுத்துச் சொல்ல ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.

படிப்பவர்கள் ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு பெருக்கல் செய்து பார்க்க வேண்டும். விடுபட்ட எண்ணை, அது சேர்த்துக்கொள்ளாமல் விட்ட 23 என்ற பகா எண்ணால் பெருக்குங்கள். 293318625600 × 23. விடை 6746328388800, அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. காரணிகள் 10,080. ராமானுஜன் தம் அட்டவணையின் கடைசி வரியில் எழுதிவைத்த எண் அது.